ட்ரையல்ஸ் பைக்: செட்டிங், பராமரிப்பு, போட்டி. அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் இங்கிலாந்துல யார்க்‌ஷைர் பக்கம் இருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்தா ஏதாவது ஒரு கிளப் ட்ரையல்ல பாறையும் சேறுமாத்தான் எனக்கு போகும். ஊர்ல இருக்குற நண்பர்கள், இங்க புதுசா பைக் வாங்கின தம்பிங்க எல்லாரும் போன்ல திரும்பத் திரும்ப இதே கேள்விங்களத்தான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன்: டயர் ப்ரஷர், கிளட்ச், ஐடில் (த்ராட்டில தொடாதப்ப இன்ஜின் ஓடுற வேகம்), இந்த மூணும் சரியா இல்லாத பைக்ல எவ்வளவு விலைக்கு பார்ட்ஸ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. கீழ எந்தக் கேள்விய எடுத்தாலும் நான் சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிப்பேன்.

ட்ரையல்ஸ்னா என்னங்க? மோட்டோகிராஸ் மாதிரி ரேஸா?

ரேஸ் கிடையாது. காட்டுலயோ ஓடைலயோ பாறை மேட்டுலயோ ரெண்டு பக்கமும் டேப் கட்டி, குறி நட்டு ஒரு சின்ன வழி போட்டிருப்பாங்க, அதுக்கு பேரு செக்‌ஷன். முப்பது நாப்பது மீட்டர்தான் இருக்கும், சிலது அதுக்கும் கம்மி. அதுக்குள்ள கால் ஊனாம ஓட்டி வெளிய வரணும், அவ்வளவுதான். வேகத்துக்கு மார்க் இல்ல. பக்கத்துல அப்சர்வர்னு ஒருத்தர் கிளிப்போர்டும் பென்சிலுமா நின்னு உங்க கால பாத்துட்டே இருப்பார். கிளப் லெவல்ல பெரும்பாலும் 10 செக்‌ஷன், 4 ரவுண்டு, மொத்தம் 40 தடவ. காலைல ஆரம்பிச்சா மதியம் தாண்டிடும். ஒண்ணாங்கியர்லயும் ரெண்டாங்கியர்லயும்தான் நாள் பூரா ஓடும், ஆனா முடிச்சு வர்றப்ப முன்னங்கை ரெண்டும் கல்லாட்டம் இறுகிப் போயிருக்கும்.

பாயிண்ட் எப்படி போடுறாங்க?

இங்க பாயிண்ட் குறைவா வாங்குறவருக்குத்தான் ஜெயம். கால் ஊனாம முடிச்சா 0, அத கிளீன்னு சொல்லுவாங்க. ஒரு தடவ ஊனினா 1, ரெண்டு தடவன்னா 2, அதுக்கு மேல எத்தன தடவ ஊனினாலும் 3. முடிக்க முடியலன்னா 5. கீழ விழுறது, டேப்ப அறுக்குறது, குறிக்கு வெளிய போறது, பின்னாடி உருண்டுடுறது, கால் தரைல இருக்கும்போது இன்ஜின் நின்னு போறது எல்லாமே 5தான். முன்சக்கரத்தோட அச்சு ஆரம்ப அட்டைய தாண்டினதும் கணக்கு ஆரம்பம், முடிவு அட்டைய தாண்டினதும் முடிஞ்சிடும். சிகப்பு குறி எப்பவும் உங்க வலது கைப்பக்கம், நீலம் இடது பக்கம், இத மட்டும் மனசுல பதிய வெச்சுக்கோங்க, ஏன்னா பதட்டத்துல தப்பு பக்கம் போய் 5 வாங்குறது புதுசா வர்றவங்களுக்கு அடிக்கடி நடக்கும்.

நின்னா 5ஆ இல்லையாங்கறது அந்தப் போட்டிக்கு எந்த ரூல்னு பொறுத்தது. சில இடத்துல முன்னாடி நகர்றது நின்னாலே 5. சில இடத்துல நிக்கலாம், பேலன்ஸ் பண்ணலாம், துள்ளி திரும்பலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

இதுலேருந்து வர்ற ஒரு கணக்கு இருக்கு. வண்டி தடுமாறுது, எப்படியும் கால் போகப் போகுதுன்னு தெரிஞ்சா தைரியமா ஊனிடுங்க. 1 கொடுத்துட்டு மூச்சு விட்டு மீதிய முடிக்கறது, கிளீன் வேணும்னு கடைசி வரைக்கும் தொங்கிட்டு 5 வாங்கறத விட எவ்வளவோ மேல். மூணு தடவ ஊனியாச்சா, அதுக்கப்புறம் எத்தன தடவ ஊனினாலும் 3தான், அப்ப ரெண்டு காலயும் போட்டு தள்ளிக்கிட்டாவது வெளிய வந்துடுங்க.

எந்த பைக் வாங்கலாம்?

இத்தாலில பீட்டா, ஸ்பெயின்ல காஸ் காஸ், மான்டேசா, டிஆர்ஆர்எஸ், வெர்ட்டிகோ, பிரான்ஸ் பக்கம் ஷெர்கோ, ஸ்கோர்ப்பா, இதெல்லாம்தான் போட்டில அதிகமா பாக்குற பேருங்க. எடை 66 கிலோலேருந்து 75 கிலோக்குள்ளதான் இருக்கும். ஸீட்டே கிடையாது, டேங்க் ரெண்டு ரெண்டரை லிட்டர் பிடிக்கும். முக்கால்வாசி 2 ஸ்ட்ரோக். மான்டேசா கோட்டா 4ஆர்டி 4 ஸ்ட்ரோக், பேட்டரி இல்லாமலே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வேலை செய்யும். அதத்தான் டோனி போ ஓட்டிட்டு வந்தார். 2007லேருந்து 2024 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் வெளி மைதான உலக சாம்பியன், அதே வருஷங்கள்ல இண்டோர் சாம்பியனும் அவரேதான், கூட்டினா 36 பட்டம்.

ஆனா அவர் ஓட்டினார்னு நீங்க 300 சிசி வாங்க வேண்டாம். முதல் வண்டிக்கு ஒரு நல்ல பழைய 250 போதும். 300ல கை கொஞ்சம் நடுங்கினாலே வண்டி முன்னாடி பாயும், நாள் முடியுறதுக்குள்ள உடம்பு அசந்துடும். பழசு வாங்கும்போது இன்ஜின் சத்தத்த கேக்கறதோட நிறுத்திடாதீங்க. பின்சக்கரத்த ஒரு ஸ்டாண்டுல தூக்கி வெச்சு கையால மேலயும் கீழயும் அசைச்சு பாருங்க, டக் டக்னு ஆடினா லிங்கேஜ் (பின் சஸ்பென்ஷன இணைக்கிற பாகம்) பேரிங் போயாச்சு. கியர் ஆயில் கொஞ்சம் எறக்கி கலர் பாக்கணும்னு கேளுங்க, விக்கிறவர் மூஞ்சி மாறினா நீங்க புரிஞ்சுக்கலாம்.

டயர் ப்ரஷர் எவ்வளவு வெக்கணும்?

பின்னாடி 4லேருந்து 5 பி.எஸ்.ஐ, முன்னாடி 6லேருந்து 7. கார் டயர்ல 30க்கு மேல அடிக்கிறவங்களுக்கு இத கேட்டா நம்ப முடியாது. பின் டயர் 4.00-18 ட்யூப்லெஸ், முன்னாடி 2.75-21, அதுக்குள்ள ட்யூப் இருக்கும். ரப்பர் ரொம்ப மெத்துன்னு இருக்கும், பக்கச் சுவர் மெலிசு. இவ்வளவு கம்மி காத்துல ஓட்டும்போது டயர் பாறை மேல அப்படியே துணி மாதிரி படிஞ்சு அந்தப் பாறையோட வடிவத்தையே எடுத்துக்கும், பிடிப்பு அங்கேருந்துதான் வருது.

1 பி.எஸ்.ஐ மாறினாலே கால்ல தெரியும். அதனால பெட்ரோல் பங்க் கேஜ வெச்சு பாக்கறது வேஸ்ட், அதுல 4ம் தெரியாது 6ம் தெரியாது. 0லேருந்து 15 வரைக்கும் மட்டும் காட்டுற லோ ப்ரஷர் கேஜ் ஒண்ணு தனியா வாங்கிக்கோங்க, இந்த விளையாட்டுல நீங்க போடுற காசுலயே உருப்படியான காசு அதுதான். வீட்ல பாத்துட்டு வந்துட்டேன்னு விட்டுடாதீங்க, வேன்ல வெயில்பட்டு வந்தா ஏறியிருக்கும், குளிர்ல நின்னா இறங்கியிருக்கும். இடத்துக்கு போய் பைக்க இறக்கி நிழல்ல கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் வைங்க. கூரான கல் அதிகமா இருக்குற இடம்னா பின்னாடி 5க்கு கீழ போகாதீங்க, ரிம் அடி வாங்கும். ஈரமான வேர், மொழுக்குன்னு பாசி பிடிச்ச கல்னா 4, சில பேர் அதுக்கும் கீழ போவாங்க. எடை அதிகமா இருக்குறவங்க அரை பி.எஸ்.ஐ கூட்டிக்கலாம்.

பின் டயர திருப்பி மாட்டலாமா?

மாட்டலாம், நிறைய பேர் செய்யறாங்க. டயர் தேயும்போது குமிழோட முன் விளிம்பு மட்டும்தான் உருண்டையாகும், பின் விளிம்பு கூர்மையாவே இருக்கும். திருப்பி மாட்டினா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஒரே தொல்லை, ட்யூப்லெஸ்ங்கறதால ரிம்ல திரும்ப உக்கார வெக்கறதுதான். சோப்பு தண்ணி தாராளமா தடவி, வால்வு பின்ன கழட்டிட்டு கம்ப்ரஸர்ல ஒரே மூச்சுல காத்து அடிச்சீங்கன்னா டொப் டொப்னு ரெண்டு சத்தம் கேட்டு உக்காந்துடும். கை பம்ப்ல ட்ரை பண்ணி அரை நாள் வீணாக்காதீங்க.

கார்புரேட்டர் செட்டிங்ல எத முதல்ல தொடணும்?

மெயின் ஜெட்ட பத்தி எல்லாரும் பேசுவாங்க. ட்ரையல்ஸ்ல அத நீங்க கிட்டத்தட்ட யூஸ் பண்றதே இல்ல. த்ராட்டில் எப்பவும் மூடினதுலேருந்து கால்வாசி வரைக்கும்தான் இருக்கு, அங்க வேலை செய்யறது பைலட் ஜெட்டும் (த்ராட்டில் கம்மியா இருக்கும்போது பெட்ரோல் விடுற சின்ன துளை) கலவைய சரி பண்ற ஸ்க்ரூவும். அத சரி பண்ணினா வண்டியோட குணமே மாறிடும்.

இன்ஜின நல்லா சூடாக்குங்க, சும்மா நிறுத்தி வெச்சு இல்ல, ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. அப்புறம் ஐடில கொஞ்சம் தூக்கி வெச்சுட்டு ஸ்க்ரூவ கால் திருப்பு கால் திருப்பா உள்ளயும் வெளியவும் திருப்பி, ஆர்.பி.எம் எங்க அதிகமா ஏறுதோ அங்க விட்டுட்டு ஐடில திரும்ப இறக்குங்க. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஸ்க்ரூ, உள்ள திருப்பினா பெட்ரோல் கலவை கூடும். இன்ஜின் பக்கம் இருந்தா அது பெட்ரோல் ஸ்க்ரூ, நேர் எதிர். இத மாத்தி புரிஞ்சுக்கிட்டு ஒரு சீசன் பூரா தப்பா ஓட்டினவங்கள நான் பாத்திருக்கேன். ஸ்க்ரூ முழுசா உள்ள போனாதான் சரியா ஓடுது, இல்ல மூணு திருப்புக்கு மேல வெளிய வந்தும் போதலன்னா பைலட் ஜெட் சைஸ மாத்தணும்.

த்ராட்டில விட்டதும் ஆர்.பி.எம் உடனே இறங்காம மேலயே தொங்கிட்டு நின்னா கலவை மெலிசா இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா இன்டேக் ரப்பர்ல எங்கயோ காத்து உள்ள போகுது. கார்ப் க்ளீனர் கொஞ்சம் அந்த ரப்பர சுத்தி அடிங்க, சத்தம் மாறினா ஓட்டை அங்கதான். இத லேசா எடுத்துக்காதீங்க, இறக்கத்துல வண்டி தள்ளிட்டே போகும், நீங்க பிரேக்க நம்பி ஓட்டுற நிலைமை வந்துடும். திறக்கும்போது பொட பொடன்னு முழுங்கிட்டு அப்புறம் எடுத்தா கலவை கெட்டி. குளிர் காலத்துல காத்து அடர்த்தி கூடும், கலவைய கொஞ்சம் கெட்டியாக்கணும். மலை ஏறினா காத்து மெலிசாகும், அப்ப குறைக்கணும்.

ஐடில் எவ்வளவு வெக்கணும்?

நின்னு போகாத அளவுக்கு. பாறைக்கு நடுவுல கால் ஊனும்போது இன்ஜின் செத்துடுச்சுன்னா 1 வாங்க வேண்டிய இடத்துல 5. அதுக்காக ரொம்ப ஏத்தினா இறக்கத்துல வண்டி ஓடும். ஒண்ணாங்கியர்ல கிளட்ச முழுசா விட்டு, த்ராட்டில தொடாம சமதரைல விடுங்க, இருமாம அமைதியா நடந்து போச்சுன்னா அதுதான் சரி.

2 ஸ்ட்ரோக் ஆயில் எவ்வளவு கலக்கணும்?

கம்பெனி மேனுவல்தான் முதல் வார்த்தை. நல்ல சிந்தெடிக் ஆயில் போட்டு 60க்கு 1லேருந்து 80க்கு 1 வரைக்கும் ஓட்டுறவங்கதான் இங்க அதிகம். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 80க்கு 1னா 62.5 மில்லி, 60க்கு 1னா 83 மில்லி. குத்துமதிப்பா ஊத்தாதீங்க, மெடிக்கல்ல கிடைக்கிற சிரிஞ்சு வாங்கி அளந்து ஊத்துங்க. ஆயில் ஜாஸ்தியா ஊத்தினா கலவை கெட்டியாகும்னு சிலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஆயில் எடுத்துக்குற இடத்துல பெட்ரோல் குறையுது, அதனால கலவை மெலிசுதான் ஆகும். ஆயில் விகிதத்த மாத்தினா பைலட்ட திரும்பப் பாருங்க. ஜாஸ்தி ஆயில் சைலன்சர்ல போய் தார் மாதிரி ஒட்டிக்கிட்டு வண்டிய மூச்சு திணற வைக்கும்.

கிளட்ச் இழுத்து பிடிச்சாலும் வண்டி முன்னாடி நகருது, என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா ட்ரையல்ஸ்ல கிளட்ச்தான் எல்லாம். ஒரு செக்‌ஷன்ல நீங்க த்ராட்டில தொடுறத விட கிளட்ச தொடுறது ஜாஸ்தி, அதுவும் ஒரே விரல்ல.

ராத்திரி பூரா நின்ன வண்டில கிளட்சுக்குள்ள இருக்குற தட்டுங்க (ப்ளேட்டுங்க) ஆயிலோட ஒட்டிக்கும். காலைல நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி சூடாக்குங்க. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு கியர்ல போட்டு, கிளட்ச பிடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் உலுக்குங்க, டப்புன்னு விடும். இது எல்லா வண்டிலயும் இருக்குறது, பயப்பட வேண்டாம். சூடான அப்புறமும் இழுக்குதுன்னாதான் பிரச்சனை.

முதல்ல லைன்ல காத்து இருக்கான்னு பாருங்க. சாதாரணமா மேலேருந்து ப்ளீட் பண்ணினா, அதாவது காத்த வெளியேத்தினா, இந்த சின்ன கிளட்ச் சிஸ்டத்துல காத்து முழுசா வராது, காத்து மேலதானே ஏறும், நாம ஏன் அத கீழ தள்ளணும். அதனால கீழேருந்து பண்ணுங்க. ஒரு பெரிய சிரிஞ்சுல ஃப்ளூயிட் நிரப்பி, ஒரு துண்டு ட்யூப் மாட்டி, ட்யூப்ல இருக்குற காத்தையும் தள்ளிட்டு, கீழ இன்ஜின் பக்கம் இருக்குற ப்ளீட் நிப்பிள்ல சொருகி, நிப்பிள அரை திருப்பு லூஸ் பண்ணி மெதுவா அமுக்குங்க. மேல ஹேண்டில்பார்ல அந்தக் குட்டி டப்பா மூடிய திறந்து வெச்சு எட்டிப் பாத்தீங்கன்னா சின்னச் சின்னதா முத்து மாதிரி குமிழி ஒவ்வொண்ணா மேல வந்து உடையும். குமிழி நிக்கிற வரைக்கும் தள்ளுங்க, டப்பா வழியாம இன்னொரு சிரிஞ்சால உறிஞ்சிக்கோங்க. நிப்பிள டைட் பண்ணிட்டு லிவர பிடிச்சு பாருங்க, வித்தியாசம் விரல்ல தெரியும்.

ஃப்ளூயிட் விஷயத்துல கவனம். பிரேக்குக்கு டாட் 4 போடுறோம். கிளட்சுக்கு சில வண்டில டாட், சில வண்டில மினரல் ஆயில். மூடி மேல எழுதியிருக்கும், மேனுவல்ல இருக்கும். மாத்தி ஊத்தினா உள்ள இருக்குற ரப்பர் சீல் ஊதிப் போய் பிஸ்டன் திரும்பி வராது. ஒரு தடவ செகண்ட் ஹேண்ட்ல நான் வாங்கின வண்டில முன்னாடி வெச்சிருந்தவர் தப்பா ஊத்தியிருந்தார், லிவர விட்டாலும் கிளட்ச் பாதிலயே நின்னுடுச்சு. மாஸ்டர் சிலிண்டர் கிட் முழுசா மாத்தினப்புறம்தான் சரியாச்சு.

லிவர் நுனில ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். டைட்டா வெச்சா இன்னும் ஷார்ப்பா இருக்கும்னு அட்ஜஸ்ட் பண்ணிடுவாங்க, அப்ப மாஸ்டர் சிலிண்டர்ல ஃப்ளூயிட் திரும்புற சின்ன துளை மூடிக்கும், சூட்டுல ஃப்ளூயிட் விரிஞ்சு போக இடமில்லாம கிளட்ச தானா தள்ளும், மேட்டு மேல பாதில கிளட்ச் வழுக்கும். பிரேக்குக்கும் இதே கதைதான், ஆட்டம் இல்லன்னா தானா பிடிச்சுக்கும்.

கடைசியா ஆயில். கியர்பாக்ஸ் ஆயில்தான் கிளட்சுக்கும், ரெண்டும் ஒரே தொட்டி. கெட்டியான ஆயில் ஊத்தினா தட்டுங்க பிரியாது. மெல்லிசா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊத்துற ஆயில்) ஊத்துறவங்களும் இருக்காங்க, உங்க வண்டிக்கு அது ஒத்து வருமான்னு மேனுவல்ல பாத்துட்டு செய்ங்க. அரை லிட்டர் பக்கம்தான் பிடிக்கும், அடிக்கடி மாத்தினா செலவு ஒண்ணும் பெருசா இல்ல.

கியரிங், ஃப்ளைவீல் வெயிட், ஸ்லோ த்ராட்டில், இதெல்லாம் தேவையா?

முன் ஸ்ப்ராக்கெட்ல 1 பல் குறைச்சா பின்னாடி 4 பல் கூட்டின மாதிரி. 11க்கு 42 இருந்தா விகிதம் 3.82, முன்னாடி 10 ஆக்கினா 4.2. வண்டி இன்னும் மெதுவா நடக்கும். இறுக்கமான திருப்பம் அதிகமா இருக்குற இடத்துக்கு அது நல்லா இருக்கும், ஆனா செயின் அந்த சின்ன ஸ்ப்ராக்கெட்ட சுத்தி வளைஞ்சு சீக்கிரம் தேயும்.

ஸ்லோ த்ராட்டில் குறைஞ்ச செலவுல கிடைக்கிற நல்ல மாத்தம், கை அதே அளவு திருப்பினாலும் கார்ப் மெதுவாத்தான் திறக்கும், ஆரம்பத்துல கண்டிப்பா போடுங்க. ஃப்ளைவீல் வெயிட் (இன்ஜினோட சுத்துற சக்கரத்துல மாட்டுற கூடுதல் எடை) போட்டா இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் நிக்காது, சேத்துல பின்சக்கரம் சுழட்டாம கடிச்சு ஏறும். துள்ளி ஏறுற ஸ்டைலுக்கு அது கனமா இருக்கும். முதல் ரெண்டு வருஷம் போட்டு ஓட்டுங்க.

சஸ்பென்ஷன்?

மொத்த ட்ராவல் 170 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். நீங்க பெக் (கால் வெக்குற கட்டை) மேல நின்னா அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 55 மில்லிமீட்டர் மாதிரி இறங்கணும். முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே அளவுல இறங்கணும், ஒண்ணு மட்டும் ஜாஸ்தி இறங்கினா திருப்பத்துல வண்டி ஒத்துழைக்காது. ஒரு ஆள வெச்சு ஸ்கேல்ல அளந்து ப்ரீலோட் (ஸ்ப்ரிங்க முன்கூட்டியே அமுக்கி வெக்கிற அளவு) வைங்க. ரீபவுண்ட (அமுங்கின ஸ்ப்ரிங் திரும்பி வர்ற வேகம்) தொடவே வேண்டாம்னு சொல்லுவேன், ஒரு வருஷம் போகட்டும்.

போட்டி முடிஞ்சு வந்ததும் என்னென்ன பாக்கணும்?

கழுவுறதுலேருந்து ஆரம்பிக்கிறேன். சைலன்சர் ஓட்டைய அடைச்சுட்டு, ஏர்பாக்ஸ் பக்கம் நேரா அடிக்காம, பேரிங் இருக்குற இடத்துல எல்லாம் ப்ரஷர் வாஷர தள்ளிப் பிடிச்சு கழுவுங்க. ஸ்விங்கார்ம் பேரிங், லிங்கேஜ், ஸ்டீரிங் ஹெட், இதுக்குள்ள தண்ணி போனா ரெண்டு மாசத்துல துரு. வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது லிங்கேஜ கழட்டி கிரீஸ் போடுங்க. ஏர் ஃபில்டர் ஃபோம ஒவ்வொரு போட்டிக்கும் கழுவி, காய வெச்சு, ஃபில்டர் ஆயில் போட்டு நல்லா பிழிஞ்சு மாட்டுங்க. ஸ்போக்க ஒரு ஸ்பேனரால தட்டிக்கிட்டே சுத்துங்க, டங் டங்னு வர்றதுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் டப்புன்னு மந்தமா கேட்டா அது லூஸ்.

கியர் ஆயில் பால் போட்ட டீ மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. ரெண்டு வழி இருக்கு: வாட்டர் பம்ப் சீல் போயிருக்கலாம், இல்லன்னா ஆழமான ஓடைல போனப்ப சூடான கியர்பாக்ஸ் சட்டுன்னு குளுந்து ப்ரீதர் ட்யூப் வழியா தண்ணிய உறிஞ்சியிருக்கலாம். ரேடியேட்டர திறந்து பாருங்க. கூலண்ட் குறைஞ்சிருந்தா சீல்தான், உடனே மாத்துங்க. குறையலன்னா ப்ரீதர் ட்யூப டேங்குக்கு பக்கத்துல உயரமா கொண்டு போய் கட்டுங்க. எதுவா இருந்தாலும் அந்த ஆயில ஒரு நாள் கூட உள்ள விட்டு வைக்காதீங்க, பேரிங் போயிடும்.

ஃபேன் சுத்துதான்னு பாக்க மறந்துடுறாங்க. நடக்குற வேகத்துல ஓடுற வண்டிக்கு ரேடியேட்டர்ல காத்தே அடிக்காது, ஃபேன் மட்டும்தான் கதி. சந்தேகம் இருந்தா இன்ஜின ஓட விட்டு தெர்மோ ஸ்விட்ச் (சூடானதும் ஃபேன போடுற ஸ்விட்ச்) வயர் ரெண்டையும் சேத்துப் பிடிங்க, ஃபேன் சுத்தினா ஸ்விட்ச் அவுட், சுத்தலன்னா ஃபேனோ வயரிங்கோ.

பிரேக் பேட்ல செயின் ஸ்ப்ரே ஒரு துளி பட்டாலும் போச்சு. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க் மேல ஒரு துணி போத்திடுங்க. புது பேட் போட்டா போட்டிக்கு முன்னாடி நாளே ஒரு இறக்கத்துல ஒரு விரல்ல லேசா பிடிச்சு பிடிச்சு ஓட்டி பழக்கிடுங்க.

எப்படி நிக்கணும், எப்படி திருப்பணும்?

பெக் மேல நில்லுங்க, முட்டி லேசா மடங்கியிருக்கட்டும், எடை பூரா பாதத்துல. ஹேண்டில்பார் பிடிச்சு தொங்குறதுக்கு இல்ல. கை ரெண்டும் இறுகுதுன்னா நீங்க கையால வண்டிய தாங்கிட்டிருக்கீங்க.

ரோட்ல வண்டி சாயுற பக்கமே நாமளும் சாயுவோம். இங்க நேர் மாறு. இடது பக்கம் திருப்பணும்னா வண்டிய இடது பக்கம் சாய்ச்சுட்டு உங்க இடுப்பு வலது பக்கம் வெளிய போகணும், எடை வலது பெக்ல. ஹேண்டில் முழு லாக்ல இருந்தாலும் வண்டி விழாது. புல் தரைல ரெண்டு கல் வெச்சு 8 போட்டு பழகுங்க, தினம் பத்து நிமிஷம். பின் பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே கிளட்ச விட்டு விட்டு ஓட்டுங்க, வண்டி ஒரு கயித்துல கட்டி இழுத்த மாதிரி நிதானமாகும். வீட்ல இடம் இல்லன்னா முன் டயர ஒரு சுவத்துல முட்ட வெச்சு, இன்ஜின் ஆஃப்ல பெக் மேல நின்னு பேலன்ஸ் பழகலாம். முதல் நாள் மூணு செகண்டு நிப்பீங்க, ஒரு மாசத்துல நிமிஷக்கணக்குல நிப்பீங்க.

மரக்கட்டை தாண்டும்போது எல்லாரும் முன்சக்கரத்த தூக்கறதுலயே குறியா இருப்பாங்க. முன்சக்கரம் கட்டை மேல உச்சில போய் லேசா தட்டணும், அந்த நிமிஷம் த்ராட்டில மூடி, முட்டிய மடக்கி, உடம்ப முன்னாடி கொண்டு போங்க, பின்சக்கரம் தானா உருண்டு ஏறும். பின்சக்கரம் கட்டைல படும்போது த்ராட்டில் திறந்திருந்தா வழுக்கி பக்கவாட்டுல போயிடும்.

செக்‌ஷன நடந்து பாக்கணும்னு சொல்றாங்களே, எத பாக்கணும்?

முடிவு அட்டைலேருந்து பின்னோக்கி நடந்து பாருங்க. கடைசி திருப்பத்துக்கு எந்த இடத்துல வந்து நிக்கணும்னு தெரிஞ்சாதான் அதுக்கு முந்தின பாறைல எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியும். கால் ஷூவால கல்ல மிதிச்சு அழுத்துங்க, ஆடுதா, வழுக்குதா. இங்க பெனைன் மலைப்பக்கம் இருக்குற கிரிட்ஸ்டோன் உப்புத்தாள் மாதிரி, மழைல கூட பிடிக்கும். அதே மழைல ஸ்லேட் கல்லும், தோல் உரிஞ்ச மரவேரும் கண்ணாடிதான்.

முன்னாடி போறவங்கள பாருங்க, ஆனா அப்படியே காப்பி அடிக்காதீங்க. காலைல நல்லா இருந்த சேத்து மேடு ஐம்பது பேர் ஏறினப்புறம் குழியாகியிருக்கும். ரெண்டாவது ரவுண்டுல திரும்ப நடந்து பாக்க சோம்பேறித்தனம் படாதீங்க. சேறுன்னா ஒண்ணாங்கியர விட ரெண்டாங்கியர், ஆர்.பி.எம் கம்மி, சக்கரம் சுழட்ட ஆரம்பிச்சதும் த்ராட்டில குறைங்க, கூட்டாதீங்க.

அப்சர்வர்கிட்ட எப்பவும் சண்டை போடாதீங்க. அவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காம, அஞ்சு மணி நேரம் மழைல நிக்கிறவங்க. ஒரு டிசம்பர்ல ஓடைக்கரைல ஒரு வயசான அம்மா, மழைக்கோட்டு நுனிலேருந்து தண்ணி சொட்ட சொட்ட, அட்டைய பாலிதீன் கவருக்குள்ள வெச்சு கைய உள்ள விட்டு எழுதிட்டிருந்தாங்க. அவங்க இல்லன்னா அன்னிக்கு போட்டியே இல்ல. முடிச்சதும் ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு போங்க.

புல்லட்ல ட்ரையல்ஸ் ஓட்டினாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம், அதுவும் சாதாரணமா இல்ல. 1948ல பின்னாடி ஸ்விங்கார்ம் சஸ்பென்ஷன் வெச்ச புல்லட் ப்ரோட்டோடைப் முதல்ல வெளிய வந்ததே கோல்மோர் கப்னு ஒரு ட்ரையல்லதான். அப்ப மத்தவங்க வண்டிங்க பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத ரிஜிட் ஃப்ரேம். ஸ்ப்ரிங் இருந்தா பிடிப்பு போயிடும்னு நம்பின காலம். ஜானி பிரிட்டன் 350 சிசி என்ஃபீல்ட்ல ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல (ஸ்காட்லாந்துல ஆறு நாள் நடக்குற போட்டி) 1952லயும் 1957லயும் ஜெயிச்சார். 1955லேருந்து நம்ம மெட்ராஸ்ல அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச அந்த புல்லட்டோட வம்சம்தான் அது. 2019ல இந்தியால புல்லட் ட்ரையல்ஸ்னு ஒரு மாடல் விட்டதும் அந்த ஞாபகத்துலதான். ஆனா அது 190 கிலோ பக்கம் எடை இருக்குற ரோட் வண்டி, அத எடுத்துட்டு செக்‌ஷனுக்குள்ள போகாதீங்க.

பெரிய 4 ஸ்ட்ரோக் காலம் முடிஞ்சதுக்கு ஒரு தேதி சொல்லணும்னா 1965. ஏரியல் வண்டில ஜெயிச்சுட்டிருந்த ஸாமி மில்லர், 1964ல பார்சிலோனா போய் புல்டாக்கோ கம்பெனிக்கு ஷெர்ப்பாங்கற 2 ஸ்ட்ரோக்க உருவாக்கிக் கொடுத்து, அடுத்த வருஷமே அதுல ஸ்காட்டிஷ ஜெயிச்சுட்டார். 1975ல உலக சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சப்ப முதல் பட்டமும் புல்டாக்கோல ஓட்டின யார்க்‌ஷைர்க்காரர் மார்ட்டின் லாம்ப்கினுக்குத்தான். அவர் மகன் டூகி லாம்ப்கின் 1997லேருந்து 2003 வரைக்கும் வரிசையா ஏழு வருஷம் சாம்பியன்.

பொண்ணுங்க, குழந்தைங்க ஓட்டலாமா?

தாராளமா. ஸ்பெயின்ல லாயா சான்ஸ் 13 தடவ பெண்கள் உலக சாம்பியன். குழந்தைங்களுக்கு ஓசெட் மாதிரி குட்டி எலக்ட்ரிக் வண்டிங்க இருக்கு, சத்தம் இல்ல, கியர் இல்ல, பவர அப்பா அம்மாவே குறைச்சு வெக்கலாம். எந்த வயசா இருந்தாலும் கையில கட்டுற கில் ஸ்விட்ச் கயிறு இல்லாம ஓட்ட விடாதீங்க, விழுந்தா இன்ஜின் உடனே நிக்கணும்.

ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் பாக்க வரணும்னா எப்படி?

மே மாசம் முதல் வாரம், ஸ்காட்லாந்துல ஃபோர்ட் வில்லியம் ஊர், பென் நெவிஸ் மலை அடிவாரம். திங்கள்லேருந்து சனி வரைக்கும், ஒரு நாளைக்கு 30 செக்‌ஷன், நடுவுல ரோடும் சதுப்பு நிலமுமா மைல் கணக்குல ஓட்டணும். வண்டிங்கள ராத்திரி பூட்டி வெச்சுடுவாங்க, நினைச்ச நேரத்துல போய் ரிப்பேர் பண்ண முடியாது. அதனால அங்க ஜெயிக்கிறது முக்கால்வாசி முந்தின மாசம் கராஜ்ல நடக்குற விஷயம்.

பாக்கறதுக்கு டிக்கெட் பெருசா எதுவும் இல்ல, நடக்க தெம்பு வேணும், முட்டி வரைக்கும் நனையற இடத்துக்கு நல்ல பூட்ஸ் வேணும். பைப்லைன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு, மலைல நேரா மேல ஏறுற நீளமான பாறை வழி, ரெண்டு பக்கமும் ஜனம் நெருக்கி நிக்கும். மேல போய் நிக்காதீங்க, பாதி உயரத்துல நில்லுங்க. அங்கதான் ஒவ்வொருத்தரா வந்து த்ராட்டில லேசா குறைச்சு, ஒரே விரலால கிளட்ச தொட்டு, திரும்ப வேகத்த எடுப்பாங்க. கண்ண மூடிட்டு அந்த சத்தத்த மட்டும் கேட்டீங்கன்னாலே யாரு கிளீன் போகப் போறாங்கன்னு தெரிஞ்சுடும்.